கயிற்றில் தொங்கிய படகு

கயிறு கிறீச்சிட்டபோதுதான் மருமகள் திரும்பிப் பார்த்தாள். படகின் இடப்பக்கம் தண்ணீரோடு இறங்கவில்லை.

அணையை ஒட்டி, படகுகளை மேலாற்றிலிருந்து கீழாற்றுக்கு இறக்கிவிடும் கான்கிரீட் தொட்டி அது. முன்னும் பின்னும் இரும்புக் கதவுகள். படகு உள்ளே வந்ததும் தண்ணீரை வடியவிடுவார்கள். சுவர் உச்சியில் மாட்டிய கயிற்றை, படகு இறங்க இறங்க விட்டுக்கொடுத்துக்கொண்டே வர வேண்டும். மருமகளின் வீட்டுக்காரன் காலை ஒடித்துக்கொண்டு படுத்துவிட்டதால், மணல் படகை மாமியாரும் மருமகளுமாகக் கொண்டுவந்திருந்தார்கள். "கயித்த நான் பாத்துக்குறேன். நீ தொட்டா உருப்பட்டாப்லதான்" என்று மாமியார் காலையிலேயே வாயை அடைத்திருந்தாள்.

இப்போது அந்தக் கயிற்றுக்கும் அதைச் சுற்றியிருந்த படகின் இரும்புக் கட்டைக்கும் நடுவே மாமியாரின் கை மாட்டியிருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. தண்ணீர் வடிய வடியப் படகு சாய்ந்தது. மணல் சரசரவென்று வலப்பக்கம் சரிந்தது.

"அத்தை, கைய இழுங்க!"

"வரலடி..."

மருமகள் அரிவாளை எடுத்தாள்.

"வெட்டாத! மொத்தமா கவுந்துரும்!"

மேலே கண்ணாடி அறையில் கதவுக்காரர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். மருமகள் கத்தினாள். குரல் சுவரில் மோதி அவளிடமே திரும்பி வந்தது. சட்டென்று அரிவாளைப் போட்டுவிட்டு, சாய்ந்த தளத்தில் கையூன்றிப் பின்பக்கம் ஓடினாள்.

"விட்டுட்டுப் போறியாடி?"

மருமகள் படகின் ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள், எடுக்கவேயில்லை. கதவுக்காரர் திரும்பினார். தண்ணீர் வடிவது நின்றது. அவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்.

"மேல் தண்ணிய உள்ள விடுறேன்! ஆடாம நில்லுங்க!"

படகு அங்குலம் அங்குலமாக நிமிர்ந்தது. கயிறு தளர்ந்ததும் மாமியார் கையை உருவிக்கொண்டாள். விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன. மருமகள் துணியை நனைத்துச் சுற்றினாள்.

கதவுக்காரர் சுவரோரம் ஓடி வந்து குனிந்தார். "ரோட்டு வழியா வண்டி வர நேரமாகும்மா. கீழ இறங்கினா எதிர்லயே ஆஸ்பத்திரி. மறுபடி வடிய விடட்டுமா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மருமகள் கயிற்றை எடுத்தாள். கதவுக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

தண்ணீர் இறங்கத் தொடங்கியது. மாமியார் நல்ல கையால் மருமகளின் சட்டையைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுக்குடு... இன்னும் கொஞ்சம்..."

பாசி படிந்த ஈரச்சுவர் இருபக்கமும் உயர்ந்துகொண்டே போனது. வானம் ஒரு பட்டையாகக் குறுகியது.