இருபத்தெட்டு சதவீதம்

எங்கள் பேராசிரியர் இளமையிலேயே சாதனை செய்தவர். எலக்ட்ரான்களைக் காந்தத்தால் ஒரே பக்கமாகச் சுழலவைத்து ஒரு சில்லுக்குள் அனுப்பினார். வெளியே வந்த ஒளியில் இருபத்தெட்டு சதவீதம் ஒரே பக்கமாகச் சுழன்றதாம். அதைச் சொல்லியே பதவி, தனி அறை, தலைக்கனம் எல்லாம் சேர்த்துவிட்டார்.

அதே சில்லைச் செய்து அந்த எண்ணைத் தொட்டால்தான் எனக்குப் பட்டம். ஆறு வருடமாக எனக்கு வருவது இரண்டு சதவீதம்.

"உனக்குக் கைராசி இல்லம்மா" என்பார். கைராசி எந்தப் பாடத்தில் வருகிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குப் போனால் கணவர், "இன்னும் எத்தனை வருஷம் அந்த லைட்டைப் போட்டுப் போட்டு அணைப்பே?"

போன வாரம் சில்லு இருக்கும் குளிர்பெட்டியின் கண்ணாடி ஜன்னல் விரிசல் விட்டது. ஆய்வக உதவியாளர் அண்ணன் அலமாரியைக் குடைந்து, பழைய ஜன்னல் ஒன்றை எடுத்து மாட்டினார். மறுநாள் மீட்டரில் இருபத்தெட்டு! எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. காந்தத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். எலக்ட்ரான் எதிர்ப்பக்கம் சுழலும், ஒளியும் கூடவே திரும்பும். திரும்பாவிட்டால் அது எலக்ட்ரானின் வேலையே இல்லை.

"அதெல்லாம் எதுக்கு? கெடைச்சதை வெச்சு எழுதும்மா" என்றார் பேராசிரியர். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. திருப்பினேன். ஒளி கண்டுகொள்ளவே இல்லை.

ஜன்னலை உற்றுப் பார்த்தேன். ஒரு கீறலின் மேல் செலோடேப். சில்லின் ஓரத்திலிருந்து வரும் ஒளியை அந்த டேப்தான் முறுக்கிவிட்டிருக்கிறது. உரித்தேன்: இரண்டு. காந்தத்தைத் திருப்பினேன்: எதிர்ப்பக்கம் இரண்டு, சமர்த்தாக.

"அண்ணே, இதை யாரு ஒட்டினது?"

"சார்தாம்மா, அவரு இங்க படிக்கிறப்ப. இந்த ஜன்னலை வெச்சுத்தானே அவரு ரெக்கார்டே பண்ணாரு!"

நேரே அவர் அறைக்குப் போய் டேப்பை மேசையில் வைத்தேன்.

"சார், அப்ப நீங்க காந்தத்தைத் திருப்பிப் பாத்தீங்களா?"

"அப்ப டைம் இல்லம்மா" என்றார், டேப்பைப் பார்த்தபடி. பிறகு, "நீ ரெண்டுன்னே எழுது. பட்டம் வாங்கித் தர்றது என் பொறுப்பு. பழசைக் கிளறாதே."

ஆறு வருடம்! குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மக்கு மக்கு என்று என்னையே திட்டி எத்தனை நாள் அழுதிருப்பேன்.

"சரிங்க சார்" என்றேன். என் இடத்துக்கு வந்து, ஆய்வேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, அவர் பெயரை முழுசாக எழுதி, பழசிலிருந்தே ஆரம்பித்தேன்.