மூடிய திட்டில் பிடித்த மீன்

காஸ்பர் மனகேலாவின் இடது கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. உள்ளங்காலில் பவளப்பாறை கிழித்து நாலு நாள் ஆகிவிட்டது. நேற்றிலிருந்து காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. படகில் இரண்டு மணி நேரம் போனால் கிளினிக். ஆனால் பாயைவிட்டு அசையமாட்டேன் என்றான்.

"நர்ஸ் ஊசிக்கெல்லாம் இது கேக்காது ஃபாதர். இது உங்க ஜெபம் போட்ட அடி."

ஃபாதர் டட்லி ஹபூ குனிந்து வீக்கத்தைப் பார்த்தார். குருப்பட்டம் வாங்கிப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. ஊரார் கேட்டுக்கொண்டதால், ஈஸ்டர் முடிந்ததும் வடக்குப் பவளத்திட்டில் சிலுவைக் கம்பு நட்டு, கோயில் திருவிழாவரை அங்கே யாரும் மீன் பிடிக்கக் கூடாதென்று ஜெபித்து மூடியவர் அவர்தான். அப்படி மூடியதை மீறினால் கேடு வரும் என்பது இசபெல் தீவில் குழந்தைக்கும் தெரியும்.

"மீன் பெருகட்டும், பிள்ளைங்க வயிறாரச் சாப்பிடட்டும்னுதான்யா ஜெபிச்சேன். எழுதி வச்சு வாசிச்சேன். யார் காலைப் பத்தியும் ஒரு வார்த்தை இல்ல."

"நீங்க எழுதாட்டி என்ன? ஆண்டவருக்குத் தெரியாதா?"

"எத்தனை மீன் பிடிச்சே?"

"ஒண்ணே ஒண்ணு. பெரிசு." காஸ்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வீட்ல வச்சுக்கப் பயமா இருந்துச்சு. உங்க வீட்டுக்குக் குடுத்தனுப்பிட்டேன்."

அவன் மனைவி ரோடா தலையில் அடித்துக்கொண்டாள். "அடப் பாவி மனுஷா! திருட்டு மீனை அனுப்ப ஃபாதர் வீடுதான் கெடச்சுதா?"

டட்லியின் சபையில் குருமார் மணம் செய்துகொள்வதுண்டு; சனிக்கிழமை அவர் மனைவி தேங்காய்ப்பாலில் வேகவைத்தது அந்த மீன்தான். டட்லிக்கு ருசிகூட ஞாபகம் இருந்தது.

"தலை பூராவும் நான்தான் தின்னேன். என் மாமியார் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க. இன்னைக்குக் காலையில மரவள்ளி பிடுங்கிக்கிட்டே என்னை அரை மணி நேரம் திட்டினாங்க. அவங்களுக்கு ஒரு குறையும் இல்லையே?"

"அந்தம்மாகிட்ட எந்தக் கேடு நெருங்கும்?" என்று ரோடா சிரித்துவிட்டாள்.

காஸ்பரின் உதடும் லேசாக அசைந்தது. உடனே அடங்கியது. "நீங்க தெரியாமத் தின்னீங்க. நான் தெரிஞ்சு பிடிச்சேன்."

டட்லி வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த சமாதானங்கள் தீர்ந்துபோயின. இந்தக் கால் போனால், ஆள் போனால், தன் ஜெபம்தான் கொன்றதென்று தானே நம்பிவிடுவோமோ என்று பயந்தார்.

"பாவமன்னிப்புக் கேக்கறியா?" என்றார் மெல்ல.

"அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டதே! நீங்க வந்ததுலேர்ந்து கிளினிக், கிளினிக்னுட்டு இருக்கீங்க."

ரோடா வெளியே போனாள். டட்லி பாவமன்னிப்புக்குரிய ஊதாப் பட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே பேசியது அவர்களோடு இருக்கட்டும்.

கால் மணி நேரம் கழித்துக் காஸ்பர் குரல் கொடுத்தான். "ரோடா, படகை இறக்கச் சொல்லு. கிளினிக் போகணும். ஃபாதர் பரிகாரம் சொல்லிட்டாரு. காலைக் காட்டணும், குடுக்கற மாத்திரையை ஒண்ணு விடாம முழுங்கணும்."

"நாலு நாளா நானும் இதைத்தானே கத்தறேன்!"

"நீ சொன்னா பரிகாரமாகுமா?"

படகில் டட்லி தண்ணீர் இறைத்தபடியே வந்தார். ஒரு பயத்தை இன்னொரு பயத்தால் வென்றோமா, இல்லை இதுதான் மேய்ப்பனின் வேலையா? கரை வரும்வரை அவருக்கு விடை தெரியவில்லை.

நர்ஸ் காயத்தைத் திறந்து, நகக்கண் அளவு பவளத் துண்டை இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டாள். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா காலையே எடுத்திருக்கணும். இப்பப் பயமில்ல."

டட்லி வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். மாலை ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது; புத்தகம் எடுத்து வரவில்லை. மனப்பாடமாக வந்தவரை சொன்னார். நடுவில் ஒரு வரி மறந்து நின்றபோது, பின்னால் வந்து உட்கார்ந்த ரோடா எடுத்துக்கொடுத்தாள்.