பிரேக் டீச்சர் ஆக்சிலேட்டரை மிதித்த நாள்

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஆக்சிலேட்டர் இருக்காது. அந்தப் பக்கத்து சீட்டில்தான் அவள் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தாள்.

கற்றுக்கொள்ள வந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் டீச்சர். வைத்ததில் தப்பே இல்லை. "மெதுவா... மெதுவா... கண்ணாடியப் பாருங்க... இன்னும் மெதுவா" என்று வாய் சொல்லிக்கொண்டே இருக்கும், கால் பிரேக்குக்கு அரை அங்குலம் மேலே காவல் காத்துக்கொண்டே இருக்கும். ரிட்டையர் ஆன ஒரு பேங்க் மேனேஜர் ரிவர்ஸ் என்று நினைத்து முதல் கியரைப் போட்டு ஒரு பூக்கடைக்குள் நுழையப் பார்த்தபோது, வாசலில் இருந்த தொட்டிக்கும் பம்பருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளியில் வண்டியை நிறுத்தியது அந்தக் கால்தான். பேங்க் மேனேஜர் இறங்கிப் போய் அந்தக் கடையிலேயே ஒரு பூங்கொத்து வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தார்.

அப்படிப்பட்டவள் போய் வாங்கியது, நின்ற இடத்திலிருந்து மூன்றரை செகண்டில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிற எலக்ட்ரிக் காரை. அடர்நீலம். முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார்.

எப்படி வாங்கினாள் என்று உறவுக்காரர்கள் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். எல்லாமே கப்சா. வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டதில்லை, அவ்வளவுதான். நகை வேண்டாம், டூர் வேண்டாம், பெரிய வீடு வேண்டாம். காலை வகுப்புக்கும் மதிய வகுப்புக்கும் நடுவே டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தக் காரைப் பற்றி வந்த ஒவ்வொரு வீடியோவையும் இரண்டு வருடமாகக் கரைத்துக் குடித்திருந்தாள். சோறு ஆறிப்போகும், அவளுக்குத் தெரியாது.

வண்டி வீட்டுக்கு வந்த சனிக்கிழமை காலை முதலில் ஏறியவர் அவள் கணவர். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் லென்ஸைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தேய்க்கிற நிதானஸ்தர். வேகம் என்றாலே அவருக்கு அலர்ஜி. ராட்டினத்தின் அருகில்கூடப் போகமாட்டார்.

"சும்மா மார்க்கெட் வரைக்கும்தானே?" என்று பெல்ட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"மார்க்கெட் வரைக்கும்தாங்க."

குடியிருப்பைத் தாண்டினால் கிடங்குகள் இருக்கிற நீளமான சாலை. சனிக்கிழமை அங்கே ஈ காக்காய் இருக்காது. அவள் முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், இரண்டு பக்கக் கண்ணாடியையும் பார்த்தாள். பிறகு வலது காலை அழுத்தினாள்.

உறுமல் இல்லை. கியர் மாறுகிற குலுக்கல் இல்லை. யாரோ பெரிய உள்ளங்கையை மார்பில் வைத்து அவளைச் சீட்டோடு சேர்த்து அமுக்கியது போல இருந்தது. வயிறு ஒரு கணம் பின்னால் தங்கிவிட்டு, அப்புறம் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. வேகமுள் கிடையாது, திரையில் எண்கள்தான். அவை ஒவ்வொன்றாக வரவில்லை, கொத்துக் கொத்தாக வந்தன. அந்தச் சாலையில் எண்பதுதான் வரம்பு. எண்பதைத் தொட்டதும் காலை எடுத்தாள். மொத்தமே இரண்டரை செகண்ட் இருக்கும்.

அவள் வாயிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. தனக்குள் இப்படி ஒரு சிரிப்பு இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

கணவர் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு, கையில் இருந்த துணிப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். "முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுதுங்க. கண்ணத் திறங்க."

"இது கார் இல்லடி. கவண்கல்லு."

"இன்னொரு தடவை?"

"என்ன இறக்கி விட்டுட்டுப் போ. நடந்தே காய்கறி வாங்கிட்டு வரேன்."

அன்று மாலை அண்ணன் வந்தார். அவர் வருவது மூன்று தெரு முன்னாலேயே காதில் விழுந்துவிடும். டயர் கடை வைத்திருக்கிறார். சிவப்பு நிறத்தில் எட்டு சிலிண்டர் பெட்ரோல் கார். வாசலில் நிறுத்தினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தச் சத்தம்தான் அவருக்கு உயிர். தங்கைக்கு நாற்பத்தேழு வயதாகியும் அவருக்கு அவள் இன்னும் குட்டிதான்.

நீலக் காரை இரண்டு சுற்று சுற்றி வந்தார். டயரைக் குனிந்து பார்த்து, "டயர் நல்ல டயர்தான்" என்றார். வேறு எதையும் பாராட்ட அவருக்கு மனம் வரவில்லை. "எங்க, ஸ்டார்ட் பண்ணு குட்டி, கேப்போம்."

"ஸ்டார்ட் ஆகித்தான் இருக்குண்ணே."

அவர் காதைப் பானெட் பக்கம் சாய்த்தார். பிறகு கைகொட்டிச் சிரித்தார். "எங்க வீட்டு மிக்ஸிகூட இதவிட நல்லா கத்தும். சத்தமே இல்லாதது ஒரு வண்டியா? உனக்குப் பொருத்தமான வண்டிதான். மெதுவா, மெதுவான்னு சொல்லிக்கிட்டே போகலாம்."

கல்லூரியில் படிக்கிற மகள்தான் வெடுக்கென்று சொன்னாள்: "மாமா, நாளைக்குப் பழைய ஏர்ஸ்ட்ரிப்ல கார் கிளப் ரன் இருக்கு. நானூறு மீட்டர். யாரு வேணா ஓடலாம். வர்றீங்களா?"

"நான் மாசா மாசம் அங்க ஓடுறவன். உங்கம்மா வருவாளா கேளு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சமையலறை வாசலில் நின்றிருந்த கணவர், வேண்டாம் என்று சொல்லச் சொல்லிக் கண்ணாலேயே கெஞ்சினார்.

"எத்தன மணிக்கு?" என்றாள் அவள்.

விமானங்கள் இறங்குவதை நிறுத்திப் பல வருடம் ஆன ஓடுதளம் அது. வெயில் ஏறுவதற்குள் முப்பது வண்டிகள் சேர்ந்துவிட்டன. அடுக்கி வைத்த டயர்கள், தண்ணீர் கேன்கள், ரப்பர் கருகிய வாசனை. அண்ணன் தன் கடை ஃபோர்மேனையும் கூட்டி வந்திருந்தார். தெரிந்தவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி. டிரைவிங் ஸ்கூல் டீச்சர். இன்னைக்கு என்கூட ஓடுறா" என்று அறிமுகம் செய்துவைத்தார். அவர்கள் சிரித்ததில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவளுக்குக் காது சூடானது.

கொடி பிடிக்கிறவர் வந்து ஹெல்மெட்டைச் சரிபார்த்தார். "மொத தடவையாம்மா? பச்ச விளக்கு எரிஞ்சா கிளம்புங்க. கடைசிக் கோட்டுக்கு அப்புறம் நிறுத்த ஒரு கிலோமீட்டர் காலியா கிடக்கு. பயப்படாதீங்க."

இந்தக் காரை முழுப் பலத்தோடு கிளப்ப ஒரு முறை உண்டு. இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு, வலது காலால் ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்க வேண்டும். பிறகு பிரேக்கை விட வேண்டும். பிரேக்கை இடது காலால் தொடக்கூடாது என்று ஆயிரக்கணக்கானவர்களைத் திட்டியவள் அவள். கூசிக்கொண்டே காலை வைத்தாள். வண்டி மூக்கைத் தாழ்த்திப் பதுங்கியது. பக்கத்துப் பாதையில் சிவப்புக் கார் விட்டு விட்டு உறுமியது.

பச்சை.

நீலக் கார் பாய்ந்தது. பாய்ந்தது என்பதுகூடச் சரியில்லை. இங்கே இருந்தது, அங்கே இருந்தது. கண்ணாடியில் அண்ணன் ஒரு சிவப்புப் பொட்டாகச் சுருங்கினார். நூறு. நூற்றிருபது. ஜெயித்தாயிற்று என்று மனசு கூவிய அதே நொடியில், யாரும் சொல்லாமலே அவள் வலது கால் மேலே எழுந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். வேகம் என்று மூளை சொல்ல, கால் தன் வேலையைப் பார்த்தது. எலக்ட்ரிக் காரில் காலை எடுத்தாலே பிரேக் போட்ட மாதிரி. வண்டி இழுத்துப் பிடிக்க, இடி இடித்ததுபோல் ஒரு சத்தத்தோடு சிவப்புக் கார் அவளைத் தாண்டிப் போனது.

திரும்பி வந்தபோது அண்ணனுக்கு வாயெல்லாம் பல். "பரவாயில்ல குட்டி, பாதி தூரம் நல்லாத்தான் ஓட்டின."

அவள் கதவைத் திறக்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தோற்றதுகூடப் பரவாயில்லை. அந்த மீதிப் பாதி எப்படி இருக்கும் என்று தெரியாமலே போய்விட்டதே என்றுதான் அவளுக்கு ஆற்றாமை.

மகள் ஜன்னல் பக்கம் குனிந்தாள். "ஏம்மா விட்ட?"

"நான் விடல. கால்தான் விட்டுடுச்சு."

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கணவர் வண்டியைச் சுற்றி வந்து, பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். தலைக்குப் பெரிதான ஒரு ஹெல்மெட்டை யாரிடமோ வாங்கி மாட்டியிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"நீங்க எங்கங்க?"

"பக்கத்துல ஒருத்தர் உக்காந்து சொன்னாத்தான் வண்டி ஒழுங்கா ஓடும்னு நீதானே சொல்லுவ. நான் சொல்றேன். நீ ஓட்டு."

"உங்களுக்குத் தலை சுத்தும்."

"சுத்தட்டும். இன்னொரு தடவை ஓடலன்னா நீ இத ஒரு வருஷத்துக்கு என்கிட்டப் புலம்புவ. அது எனக்கு இதவிட மோசம்."

அவள் ஜன்னல் வழியே எட்டி, "அண்ணே! இன்னொரு தடவை!" என்று கத்தினாள். கூட்டம் கைதட்டியது. அண்ணன் கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஹெல்மெட்டை மாட்டினார்.

மறுபடியும் கோட்டில் நின்றார்கள். இடது கால் பிரேக்கில். இந்தத் தடவை கூச்சம் இல்லை. வலது கால் அடிவரை. வண்டி பதுங்கியது. பக்கத்தில் கணவர் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

பச்சை.

"மிதி!" என்றார் அவர். "மிதி! மிதி! எடுக்காத! நேரா பாரு! மிதிடீ!"

அறுபது, தொண்ணூறு, நூற்றிருபது. காலுக்குள் அந்தப் பழைய அரிப்பு எழுந்தது. "எடுக்காத!" என்று அவர் அலறிய அலறலில் கால் பயந்து கீழேயே கிடந்தது. நூற்றைம்பது. உலகம் இரண்டு பக்கமும் உருகி ஒழுக, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் அசையாமல் நின்றது. அவ்வளவு வேகத்தில் அப்படி ஒரு அமைதியை அவள் எதிர்பார்க்கவில்லை. காற்றின் சீற்றம், டயரின் முனகல், பக்கத்தில் கணவரின் கத்தல். மற்றபடி வானத்தில் மிதப்பது மாதிரி இருந்தது. நூற்று எண்பது. கடைசிக் கோடு வந்தது, போனது.

காலை எடுத்தாள். எடுக்க மனமில்லாமல்தான் எடுத்தாள். கண்ணாடியில் அண்ணன் நாலு கார் நீளம் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர் கண்கள் அகலத் திறந்திருந்தன. "நான் முழுசாப் பாத்தேன்" என்றார். "ஒரு இடத்துலகூட மூடல." பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். ஓடுதளத்தின் கோடியில் வண்டியை நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார்கள்.

அண்ணன் இறங்கி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. நீலக் காரின் முன்னால் நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதையே பார்த்தார். தங்கை மனசு இளகி, "உங்க வண்டி சத்தம் நல்லா இருந்துச்சுண்ணே" என்று ஆறுதல் சொல்லப் பார்த்தாள்.

"வாய மூடு. சாவியக் குடு."

"இதுக்குச் சாவி கிடையாதுண்ணே."

"எது இருக்கோ அதக் குடு!"

சிவப்புக் காரை ஃபோர்மேனிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஏறினார். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கணவரும் மகளும் பின்னால். காலியாக இருந்த ஓடுதளத்தில் அண்ணன் ஒரே ஒரு தடவை அழுத்தினார். அழுத்தியவுடன் "ஐயோ அம்மா!" என்று கத்தியது அவர்தான். அவள் பழக்கதோஷத்தில், இல்லாத பிரேக்கைத் தேடிக் கால்மிதியை உதைத்துக்கொண்டிருந்தாள்.

வண்டி நின்றதும் அண்ணன் ஸ்டீயரிங்கை மெல்லத் தட்டிக்கொடுத்தார். "எட்டு சிலிண்டருக்குத் துரோகம் பண்றேன்னு தெரியுது" என்றார் தாழ்ந்த குரலில். "இருந்தாலும் இன்னொரு தடவை."

நாலு தடவை ஆனது. பேட்டரி பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. வழியில் ஒரு ஃபர்னிச்சர் கடையின் பின்புறம் இருந்த சார்ஜிங் ஸ்டேஷனில் வண்டியில் வயரைச் செருகிவிட்டு, டீ வாங்கிக்கொண்டு சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்தார்கள். முப்பத்தைந்து நிமிடம் ஆகும் என்றது திரை. பெட்ரோல் என்றால் நாலு நிமிடம் என்று அண்ணன் குத்திக்காட்டுவார் என அவள் காத்திருந்தாள். அவரோ டீயை மறந்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்ச் சதவீதத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "நாப்பத்தொண்ணு" என்று அறிவித்தார். "அம்பத்தாறு."

எண்பது ஆனதும் அவள் வயரைக் கழற்றினாள். அண்ணன் டிரைவர் கதவுப் பக்கம் நைசாக நகர்ந்தார்.

"பின்னாடி போங்கண்ணே" என்றாள் அவள்.

நேர் வழியில் போனால் வீடு பதினைந்து நிமிடம். அவள் ஊரைச் சுற்றிப் போகிற, சிக்னல்கள் நிறைந்த அகலச் சாலைக்குத் திருப்பினாள். வேக வரம்பை ஒரு கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை; டீச்சர் அல்லவா. ஆனால் ஒவ்வொரு சிக்னலும் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும்போது, பின்னால் நிற்கிற வண்டிகள் கியர் போடுவதற்குள், நீலக் கார் அந்த வரம்பைத் தொட்டுவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் நாலு முதுகுகள் ஒரே சமயத்தில் சீட்டில் அறைந்தன. நாலு வாய்கள் ஒரே சமயத்தில் "ஊ" என்றன.

தூரத்தில் அடுத்த விளக்கு பச்சையாகத் தெரிந்தது.

"சிவப்பாகு, சிவப்பாகு" என்று பின்சீட்டில் மகள் கைகூப்பினாள். மாமாவும் சேர்ந்துகொண்டார். கணவர் கைப்பிடியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்.

விளக்கு மஞ்சளானது. பிறகு சிவப்பு. வண்டிக்குள் ஒரே ஆரவாரம்.