தகப்பன் முன்னே வரட்டும்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் என்றால் தகப்பன்தான் பிள்ளையைத் தொட்டிவரை தூக்கிக்கொண்டு போக வேண்டும். தாய் பின்னால் நிற்பாள். எந்த மகாராசன் ஆரம்பித்து வைத்தானோ தெரியாது. என் தங்கச்சியின் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. இருக்கிறான், எங்கோ. இவளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததுமே கம்பி நீட்டிவிட்டான்.

அதைப் பேசத்தான் போதகர் என் தையல் கடைக்கு வந்தார். பிள்ளையின் வெள்ளைச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"ஒண்ணும் பெரிய விஷயமில்லம்மா. உங்க வீட்டுக்காரர் தூக்கிட்டு வரட்டும். தகப்பன் யாருன்னு கேப்பேன், நான்தான்னு சொல்லட்டும். அதோட முடிஞ்சுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சபைக்குள்ள நின்னு பொய் சொல்லச் சொல்றீங்களா ஐயா?"

"மரியாளுக்குத் துணையா யோசேப்பு அப்படித்தானேம்மா நின்னார்?"

"நின்னார். பெத்தது நான்தான்னு எங்க சொன்னார்? ஆண்டவர் கன்னி வயித்துல பிறந்தார்னு வாராவாரம் தொண்டை கிழிய அறிக்கை பண்றோம். ஆம்பளை துணையே இல்லாம கடவுள் தன் வல்லமையால செஞ்ச காரியம் அது. அவருக்கே தேவைப்படாத ஆம்பளை உங்க தொட்டிக்கு மட்டும் எதுக்கு?"

"உங்க தங்கச்சியும் மரியாளும் ஒண்ணாம்மா?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். கையில் இருந்தால் ஆபத்து. நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தங்கச்சி வெளியே வந்தாள்.

"ஒண்ணில்லைங்க ஐயா. அவங்க கன்னி. நான் ஒருத்தனை நம்பி ஏமாந்தவ. அக்கா, நீயும் என்னை அவங்க பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தாத. ஆனா, மனுஷ பலமே இல்லாம அவங்களுக்குப் பிள்ளை குடுத்த கடவுள், இதோட அப்பன் வரட்டும்னு காத்துக்கிட்டா இருப்பார்? நானே தூக்கிட்டு வர்றேன்."

"தகப்பன் வராம நான் தண்ணி ஊத்த மாட்டேன்" என்று போதகர் எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் பிள்ளையை வைத்திருக்க அவளுக்குப் பயம். பொய் சொல்லி வாங்க அதைவிடப் பயம். ஓடிப்போனவனை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெற்றவளைத்தான் போட்டுச் சலித்தார்கள்.

ஞானஸ்நானத்துக்குக் குறித்திருந்த ஞாயிற்றுக்கிழமை சபையே எழுந்து நின்று, கன்னியிடம் பிறந்தார் என்று முழங்கியது. எல்லாரும் உட்கார்ந்ததும் போதகர், "பிள்ளையின் தகப்பன் முன்னே வரட்டும்" என்றார். தங்கச்சி பிள்ளையோடு எழுந்து நடந்தாள். என் வீட்டுக்காரரும் எழுந்து அவள் பின்னாலேயே போனார். லாரிப் பட்டறையில் நாள் முழுக்க இருந்தாலும் நாலு வார்த்தை பேசாத மனிதர். என்ன செய்யப் போகிறாரோ என்று எனக்குப் பக்கென்றது.

போதகரின் முகம் மலர்ந்தது. "தகப்பன் நீங்கதானே?"

"இல்லைங்க ஐயா. பெரியப்பா. துணைக்கு வந்தேன்."

பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரும்பி ஒரு முறை முறைத்தேன், அடங்கியது. போதகர் புத்தகத்தை மூடினார். தங்கச்சி நகரவில்லை.

"ஐயா, இப்பத்தான் நீங்களும் நானும் ஒரே விசுவாசத்தைச் சொன்னோம். நான் நம்பித்தான் சொன்னேன். நீங்க?"

போதகரின் காதெல்லாம் சிவந்துவிட்டது. மூடிய புத்தகத்தை மறுபடி திறந்தார். பிறகு பிள்ளையை வாங்கித் தண்ணீர் ஊற்றினார். வேண்டாவெறுப்பாகத்தான் ஊற்றினார், நான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் பட்டுப் பிள்ளை வீரிட்டது.

முடிந்ததும், கையை நீட்டிக்கொண்டு நின்ற தங்கச்சியைத் தாண்டி, பிள்ளையை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். இவ்வளவுக்கும் பிறகு! என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பெத்தவகிட்ட குடுங்க ஐயா."