இடது அணி

பதினோரு வருட ஆட்டத்தில் அத்தானை நான் வென்றது ஐந்தே முறை. அந்த ஐந்தில் மூன்று, அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கிடைத்தவை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. அதைத் தலையில் தட்டி உட்காரவைத்தேன்.

அக்காவைக் கட்டியதால் இன்று அத்தான். முதலில் அவர் எனக்கு மேசையின் எதிர்ப்பக்கத்து ஆள், அவ்வளவுதான். பழைய காலத்துப் போர்களைச் சின்னச் சின்னப் பொம்மைப் படைகளை வைத்து மேசைமேல் ஆடிப் பார்க்கிற பைத்தியம் எங்கள் வட்டாரத்தில் மூன்று பேருக்குப் பிடித்திருந்தது. பள்ளி வேன் ஓட்டும் அவர், பல் கட்டும் கூடத்தில் பொய்ப்பல் செய்யும் நான், தெருக்கோடி மருந்துக்கடைக்காரர். ஞாயிறு மதியம் எங்கள் வீட்டில் ஆட்டம். ஆட வந்தவர் அக்காவைப் பார்த்தார், அக்கா அவர் வர்ணம் தீட்டிய குதிரைகளைப் பார்த்தாள், ஆறே மாதத்தில் கல்யாணம். பீரங்கி முழங்கப் பெண் எடுத்த ஆள் என்று மருந்துக்கடைக்காரர் இன்றைக்கும் கிண்டல் செய்வார்.

மலை, ஆறு, பாலம் எல்லாம் என் பொறுப்பு. பல் அச்சு வார்த்து மிஞ்சுகிற மாவைக் கொண்டுவந்து மலை செய்வேன். என் மலையில் ஏறினால் அவருடைய சிப்பாய்களுக்குப் பல் கூசுகிறதாம். படைகளுக்கு வர்ணம் தீட்டுவது முழுக்க அவர். சிப்பாய் சுண்டுவிரலில் பாதி உயரம்கூட இருக்கமாட்டான். முதலில் உடம்பு முழுக்கக் கறுப்பு அடிப்பூச்சு. அது காய்ந்தபின் நீலச் சட்டை, வெள்ளைக் குறுக்குப்பட்டை, பித்தளைப் பொத்தான். கடைசியில் மூச்சை அடக்கிக்கொண்டு கண். வெள்ளை வைத்து, அதற்குள் கருமணி வைப்பார். அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

அந்தக் கையை நம்பித்தான் தினமும் காலை ஏழு இருபதுக்கு என் மகளை வேனில் ஏற்றிவிட்டேன். அவளோடு சேர்த்துப் பதினாறு பிள்ளைகள். கூடவே வந்து ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த அம்மாள் வேலையை விட்டு ஒரு மாதமாகியிருந்தது. அத்தான் ஒருவரே ஓட்டவும் வேண்டும், பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

விதிகளை எழுதியவர் மருந்துக்கடைக்காரர். நடுவரும் அவர்தான். ஒரு மருந்துப்பெட்டியின் மூடியில் எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். முதல் விதி: எதிரி கவனிக்காததை எதிரியிடம் சொல்லக் கூடாது. அந்த விதி பிறந்ததற்கே என் ஓட்டை வாய்தான் காரணம். ஆரம்பத்தில் அத்தான் எதையாவது கவனிக்காமல் விட்டால், அந்தப் பீரங்கியை மறந்துவிட்டீர்களே என்று நானே சொல்லிக்கொடுத்துவிட்டுத் தோற்றுப்போவேன். இப்படி ஒரு எதிரி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். அதன்பிறகு வாயைக் கட்டக் கற்றுக்கொண்டேன். நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

முதல் ஞாயிறு ஓர் ஆற்றங்கரைப் போர். அத்தானின் இடது அணியில் இருபத்துநான்கு காலாட்கள், இரண்டு பீரங்கிகள். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அந்த அணியை அவர் அங்குலம்கூட நகர்த்தவில்லை. ஏதோ பொறி வைக்கிறார் என்று ஒரு மணி நேரம் பயந்துகொண்டே இருந்தேன். பிறகு வருவது வரட்டும் என்று குதிரைப்படையை அந்தப் பக்கம் விட்டேன். பீரங்கிகள் சுடவில்லை. என் குதிரைகள் அந்த அணியைத் துடைத்துவிட்டு நடுமேசைக்கு வந்தபோதுதான் அவர் திடுக்கிட்டு, இவை எப்போது வந்தன என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் அந்தப் போரை மூன்று முறை சொன்னேன்.

இரண்டாம் ஞாயிறு வந்தது. அன்று நான் அவரைச் சோதித்தேன். குதிரைகளைக் காட்டுக்குப் பின்னால் ஒளித்துக் கொண்டுபோகாமல், அவருடைய இடப்பக்கத்தில் வெட்டவெளியில், அவர் முழங்கைக்கு அருகிலேயே ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தேன். அவர் தம் வலப்பக்கத்துக்கு எதிரே நின்ற என் இடது அணியைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறை ஐந்து பகடைகளை உருட்டினார். மூன்று வலப்பக்கம் ஓடின, இரண்டு இடப்பக்கம் ஓடின. மூன்றை மட்டும் கூட்டிச் சொன்னார். இடப்பக்கம் கிடந்த இரண்டிலும் ஆறு. மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவருமே வாய் திறக்கவில்லை. விதி சுவரில் இருந்தது.

டீயோடு வைத்த பிஸ்கட் தட்டிலும் வலப்பாதி காலியாகி, இடப்பாதி அப்படியே இருந்தது. அவருடைய இடக்கன்னத்தில் இரண்டு நாள் தாடி. வலக்கன்னம் மழமழவென்று இருந்தது. அவசரத்தில் சவரம் செய்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வென்றவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் கிடைத்துவிடுகிறது.

அந்த வாரம் அக்கா போன் செய்தாள். வேனின் இடப்பக்கக் கண்ணாடி இரண்டாம் முறையாக உடைந்துவிட்டதாம். வாசல் தூணிலும் உரசிவிட்டாராம். கேட்டால் சந்து குறுகல் என்கிறாராம், இருபது வருடமாக அதே சந்து. அவள் குரலில் பயம் இருந்தது. வயதாகிறதல்லவா என்று சிரித்து மழுப்பிவிட்டேன். போனை வைத்த பிறகு சிறிது நேரம் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பகடைகளும் பிஸ்கட்டும் கன்னமும் கண்ணாடியும் ஒரே வரிசையில் வந்து நிற்கப் பார்த்தன. நான் விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறும் வெல்ல வேண்டும் என்று இருந்தது எனக்கு.

வென்றேன். மொத்தப் படையையும் அவருடைய இடதில் குவித்தேன், அரை மணியில் முடிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. கிளம்பும்போது பையிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“இருபத்துநாலு காலாளு. உன் படைக்குத்தான், மாப்ளே. தொடர்ந்து ஜெயிக்கிறவன் படை கொஞ்சம் பாக்கற மாதிரி இருக்கட்டும்.”

கூச்சமாக இருந்தது. பெட்டியைத் திறக்காமலே அலமாரியில் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மனசு கேட்காமல் அதைத் திறந்தேன். மனைவி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பஞ்சை விலக்கி முதல் சிப்பாயை எடுத்தேன். வலப்பாதியில் நீலச் சட்டை, பட்டை, மூன்று பொத்தான்கள், உயிரோடு பார்க்கிற ஒரு கண். இடப்பாதி வெறும் கறுப்பு அடிப்பூச்சு. முகத்தின் நடுவில் கோடு கிழித்ததுபோல் வர்ணம் நின்றுபோயிருந்தது. அடுத்தவனும் அப்படியே. இருபத்துநான்கு பேரும் ஒற்றைக் கண்ணோடு என்னைப் பார்த்தார்கள். எதையும் பாதியில் விடுகிற ஆளில்லை அவர், முடித்துவிட்டுத்தான் கொடுத்திருந்தார்.

பொம்மையின் ஒரு பக்கத்தைத் தீட்ட மறந்திருப்பார் என்று அப்போதும் ஒரு நப்பாசை. ஒருவனைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். ஒரு பக்கத்தை மறந்திருந்தால் முதுகில் கறுப்பு வலப்புறம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதுகிலும் இடப்பாதிதான் கறுப்பு. முன்னால் திருப்பினாலும் இடது, பின்னால் திருப்பினாலும் இடது. பொம்மையில் கோளாறு ஒன்றுமில்லை. எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும், பிடித்தவருக்கு இடதுபாதி என்று ஒன்று இல்லை.

அவருக்குப் போன் செய்தேன். ஓட்டும்போது எடுக்கமாட்டார், எடுக்கவில்லை. மணி ஏழு பதினேழு. இந்நேரம் பதினைந்து பிள்ளைகள் உள்ளே இருப்பார்கள். மகள் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போயிருந்தாள். ஒரு சிப்பாயைக் கையில் பிடித்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

வேன் வந்து நின்றது. இடச்சக்கரம் நடைபாதைமேல் ஏறி, மகள் நின்ற இடத்திலேயே நின்றது. அவள் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டாள். பயப்படவில்லை. தினமும் நகர்கிறவள்போல நகர்ந்தாள்.

அவள் பின்கதவு வழியாக ஏறினாள். நான் முன்கதவைத் திறந்து அத்தானுக்கு இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கியர்க் கம்பிதான் இருந்தது. அவர் திரும்பவில்லை. முன்னால் தெருவைப் பார்த்தபடி என் மகளிடம் கேட்டார்.

“அப்பா பெட்டியத் திறந்து பாத்தாராம்மா? என்ன சொன்னாரு?”

நாங்கள் ஏதோ விளையாடுகிறோம் என்று பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“அத்தான்” என்றேன்.

அவர் வலப்பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே, தெருவில் என்னைத் தேடினார். அங்கே ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. கியருக்கு அவர் கை போயிற்று. நான் எட்டிச் சாவியைத் திருப்பி உருவினேன். எங்கிருந்தோ ஒரு கை முளைத்து வந்ததுபோல் அவர் அதிர்ந்து பின்னால் சாய்ந்தார். நான் எப்போது வந்தேன் என்று கேட்டார். முதலிலிருந்தே இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். நம்பவில்லை. பள்ளிக்கு நேரமாகிறது, விளையாடாதே, சாவியைக் கொடு என்றார்.

சிப்பாயை அவர் உள்ளங்கையில் வைத்து, முழுசாக இருக்கிறானா பாருங்கள் என்றேன். முழுசாகத்தான் இருக்கிறான் என்றார். திருப்பிப் பார்க்கச் சொன்னேன். திருப்பினார். இப்படியும் முழுசுதான், உனக்கு என்ன வந்தது என்று எரிந்து விழுந்தார். ஒற்றைக் கண் சிப்பாய் அவர் கையில் நிமிர்ந்து நின்றான்.

“பிள்ளைங்கள எண்ணுங்க, அத்தான்.”

தினமும் புறப்படும்முன் எண்ணுகிறவர்தான் அவர். பின்னால் திரும்பி, விரலை நீட்டி எண்ணினார். ஒன்பது என்றார். பிள்ளைகள் மறுபடி சிரித்தார்கள்.

“மாமா, பதினாறு” என்றாள் என் மகள்.

அவர் மறுபடி எண்ணினார், இந்த முறை மெதுவாக, உதடசைய. ஒன்பது. பின்னால் திரும்பியிருந்த அவருக்கு இடப்பக்கமாக விழுந்த வரிசையில் ஒரு சின்னப் பெண் தன்னைக் காட்டிக் கை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு அவளாகவே கையை இறக்கிக்கொண்டாள். யாரும் இப்போது சிரிக்கவில்லை.

அத்தான் முன்னால் திரும்பி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். எதுவும் நடுங்கவில்லை. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துவிட்டு எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. ஏதாவது சொல்ல வேண்டும் என்று, டாக்டரிடம் இன்றைக்கே போய்விடலாம், அக்காவிடம் நான் பேசுகிறேன், பிள்ளைகளை நடத்தியே கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளியில் விடுகிறேன் என்று அடுக்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?”

பெட்டியை இன்று காலையில்தான் திறந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் பக்கத்தில் இருந்தவர் என்னோடு பதினோரு வருடம் ஆடியவர். என் படை எங்கே நகரும், ஏன் நகரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

“மூணு ஞாயிறா.”

அவர் தலையசைத்தார். ஆற்றங்கரைப் போர், வெட்டவெளியில் நடந்த குதிரைகள், நேற்றைய அரை மணி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்ப முயன்றார். குரல் வந்த திசையை நினைவு வைத்துக்கொண்டு தலையை மெல்லமெல்லத் திருப்பினார். பாதி தூரம் வந்ததும் கண் நின்றுவிட்டது. எனக்கு ஒரு சாண் முன்னால், வெறும் காற்றைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“சொல்லியிருந்தா நீ தோத்திருப்பே. அவ்வளவுதானே, மாப்ளே?”

பின்னிருக்கையில் என் மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.