பானையில் காய்ச்சிய உப்பு

அடுத்த தாளிலும் பானை வந்தபோது ராஜலட்சுமி சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

பதினோராம் வகுப்புச் சரித்திரத் தாள்கள் அவை. அரசாங்கப் பரீட்சைக்கு யார் யாரை அனுப்பலாம் என்று பள்ளிக்கூடமே பொறுக்கி எடுக்கும் செலக்‌ஷன் பரீட்சை. தண்டி யாத்திரையை விவரிக்கச் சொன்ன கேள்விக்கு, காந்தியடிகள் கடற்கரையில் அடுப்பு மூட்டி, மண்பானையில் கடல்தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்தார் என்று வகுப்பே எழுதியிருந்தது. புத்தகத்தில் பானை கிடையாது. குனிந்து ஒரு பிடி உப்பை மண்ணோடு அள்ளினார் என்றுதான் இருக்கிறது. சரியானதை எல்லோரும் ஒரேமாதிரி எழுதினால் மனப்பாடம் என்று விட்டுவிடலாம். தப்பை ஒரேமாதிரி எழுதினால் அது காப்பி.

கட்டைத் தூக்கிக்கொண்டு உடனே தலைமை ஆசிரியை கோமளத்திடம் போனாள். அத்தனை அவசரம் ஏன் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

கோமளம் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு இரண்டு தாள்களைப் பார்த்தாள்.

"மொதல்ல எழுதினது யாருன்னு கண்டுபிடி ராஜம். அந்தப் பொண்ணு பேரை அனுப்ப வேண்டாம். மத்தவாளை மிரட்டி விட்டுடலாம்."

மறுநாள் காலை ராஜலட்சுமி ஜயாவைக் கூப்பிட்டு விசாரித்தாள். ஜயா கோயில் அர்ச்சகர் மகள்; பொய் சொன்னால் காது சிவந்துவிடும். காது சிவக்கவில்லை. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை என்றாள். டீச்சர் லீவில் இருந்தபோது சரித்திர பீரியடுக்கு யாருமே வரவில்லையாம். சத்தம் கேட்டால் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எல்லோரையும் பெஞ்சு மேல் ஏற்றுவார். அதனால் வகுப்பு லீடர் திரௌபதி மேடையேறிப் பாடத்தைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள்.

"உங்கள மாதிரியே சாக்பீஸ ரெண்டா ஒடச்சு வெச்சுண்டுதான் டீச்சர் அவ நடத்தினா" என்றாள் ஜயா. "நாங்க ஆடாம அசையாம கேட்டோம்."

ராஜலட்சுமி அவளை அனுப்பிவிட்டு ஆசிரியைகள் அறையில் உட்கார்ந்தாள். அந்த லீவு, வயிற்றில் வந்தது மூன்றாம் மாதத்தில் தங்காமல் போனதற்காக எடுத்தது. திரும்பி வந்த நாளில் தண்டி யாத்திரை ஆயிற்றா என்று கேட்டாள். "முடிஞ்சிருச்சு டீச்சர்" என்று ஒரே குரலாகப் பதில் வந்தது. யார் முடித்தார்கள் என்று கேட்க அன்று அவளுக்குத் தெம்பில்லை. பக்கத்தைப் புரட்டி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். எல்லாப் பாடமும் நடத்தியாகிவிட்டது என்று கோமளத்திடமும் சொல்லிவிட்டாள்.

ஆக, கண்டுபிடிக்க வேண்டிய ஆள் திரௌபதி. அவள் அப்பா சிங்காரவேல் பானை வனைந்த குடும்பம். இப்போது பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் சூளை பார்க்கிறார். பெயர் போகாவிட்டால் மகளைப் பொம்மைக்கு வர்ணம் தீட்ட அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. சொன்னதைச் செய்கிறவர்.

தாள்களை மறுபடி எடுத்தாள். பானையைத் தள்ளிவிட்டுப் படித்தபோதுதான் நேற்று தன்னை உறுத்தியது எது என்று பிடிபட்டது. ஏன் உப்பு என்று அந்தப் பெண்கள் எழுதியிருந்தார்கள். உப்பில்லாமல் யார் வீட்டிலும் உலை இறங்காது, அதனால் அது எல்லோருக்குமான சண்டையாயிற்று என்று ஒருத்தி. பட்டினி கிடக்கிறவன் கஞ்சியிலும் வரியைப் போட்டால் அவன் ஏன் நடக்க மாட்டான் என்று இன்னொருத்தி. வருஷா வருஷம் வரிவரியாக நோட்ஸ் சொல்லி எழுத வைத்திருக்கிறாள் ராஜலட்சுமி. யாரும் இப்படி எழுதியதில்லை. தேதியும் தூரமும்தான் எழுதுவார்கள்.

காப்பி என்று அவள் ஓடியது கோபத்தில் இல்லை, பொறாமையில். தான் இல்லாதபோதுதான் இவர்கள் கற்றிருக்கிறார்கள். அந்த மாதத்தில் தன்னை விட்டுப் போனது போதாதா, இதுவுமா என்று மனசு எங்கோ ஓரமாக அழுதிருக்கிறது. அதற்கு ஒரு பெண்ணின் படிப்பைக் காவு கொடுக்கப் பார்த்தோமே என்று நினைத்ததும் உடம்பு கூசிற்று.

திரௌபதியை வரச்சொன்னாள். விஷயம் அதற்குள் அவளுக்கு எட்டியிருந்தது. தாவணி நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி நின்றாள்.

"பானை எங்கேருந்து வந்துச்சு?"

"எங்க வூட்ல கேட்டதில்ல டீச்சர், நானாத்தான் சொன்னேன். இரும்புச் சட்டில உப்புத்தண்ணி காச்சுனா துருப் புடிச்சிடும். அப்ப பானைதான?"

"அவர் காய்ச்சவே இல்லடி. குனிஞ்சு மண்ணோட அள்ளினார். அவ்வளவுதான்."

திரௌபதியின் விரல் நின்றது.

"அடுப்பே வாணாமா? அப்ப சின்னப் புள்ளகூட செய்யலாமே டீச்சர். எத்தினி பேரத்தான் புடிச்சு உள்ள போடுவான் வெள்ளக்காரன்?"

பரீட்சை என்றால் இதுதான் என்று ராஜலட்சுமிக்குத் தோன்றியது. தாளில் இதற்கு இடமில்லை.

நேரே கோமளத்தின் அறைக்குப் போய், பாடத்தைத் தான் நடத்தவில்லை என்றும் நடத்தியதாகச் சொன்னது பொய் என்றும் சொன்னாள். கோமளம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். லீவின் காரணம் அவளுக்குத் தெரியும்.

"மெமோ குடுக்காம இருக்க முடியாது" என்றாள். "வாயைத் தெறக்காம இருந்திருந்தா ஒனக்கு ஒண்ணுமில்லே."

"அவளுக்கு உண்டே, பெரிய டீச்சர்."

கோமளம் தாள்களை அவள் பக்கம் தள்ளினாள். "திருத்திக் கொண்டா. அந்தப் பொண்ணையும் அனுப்பலாம்."

பானைக்காக எல்லோருக்கும் அரை மார்க் குறைத்தாள். திரௌபதிக்கும்தான். அவளுக்கு மட்டும் விட்டுவிடலாமா என்று பேனா தயங்கியது, விடவில்லை. மெமோ மறுநாளே வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.

தாள்களைக் கொடுத்ததும் பின்னாலிருந்து யாரோ, "ஏய், ஒம் பானையால எங்க அரை மார்க்கு போச்சுடி" என்று சீண்ட, வகுப்பு சிரித்தது. திரௌபதி எழுந்து, அடுப்பு கிடையாது என்பதை டீச்சரே சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

"நீ நடத்தின பாடம். நீயே திருத்து" என்று சாக்பீஸை நீட்டிவிட்டு ராஜலட்சுமி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வெளிச்சம் பட்டுக் கரும்பலகையின் வலது மூலை பளபளத்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷமும் அந்த மூலையில்தான் அவள் தேதிகளை எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள்.