கீழ்வீடு

மார்ச் 14, ஜார்ஜியா மாநிலத்தின் வடக்கு மலையடிவாரம். மாநில அணைப் பாதுகாப்புப் பிரிவின் பொறியாளர் டெனீஸ் ப்ராக்டர், வெர்லின் ஹட்ஜின்ஸுக்குச் சொந்தமான மண் அணையை முதன்முறையாகப் பரிசோதித்தார்.

மாடுகளுக்காக வெர்லினின் அப்பா புல்டோசர் வைத்துக் கட்டியது. இப்போது மாடுகள் இல்லை; கெளுத்தி மீன்கள் இருந்தன. கரை முழுக்கப் பைன் மரங்கள். அடிவாரத்தில் சேறு கலங்கிய நீர் விரல் பருமனில் ஊறிக்கொண்டிருந்தது.

“அட்லாண்டாவுல தண்ணியே இல்லையா மேடம்? என் குளத்தப் பாக்க இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க.”

“குளத்துக்காக வரல, மிஸ்டர் ஹட்ஜின்ஸ். அதுக்குக் கீழ இருக்கிற வீட்டுக்காக வந்தேன்.”

ஓடையோரம் நின்ற அந்தச் சக்கரம் வைத்த டிரெய்லர் வீடு வெர்லினின் மகள் ரோண்டாவுடையது. விவாகரத்தாகி வந்தவளுக்கு அந்த இடத்தைக் காட்டியவர் அவர்தான். பேச்சு காதில் விழும் தூரத்தில் அவள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

அணை உடைந்தால் ஆள் சாகக்கூடும் என்பதால் அது ஆபத்தான அணைகளுக்கான முதல் வகைக்குப் போகிறது என்றார் டெனீஸ். ஒன்று, முழுவதும் பிரித்துக் கட்ட வேண்டும். அல்லது குளத்தை வடித்துவிட வேண்டும். திரும்பக் கட்டுவதற்கு இருக்கிற நிலம் மொத்தத்தையும் விற்றாலும் போதாது என்பது வெர்லினுக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தார்.

“சரி. கீழ வீடே இல்லன்னா?”

பொய் சொல்ல டெனீஸுக்கு அதிகாரமில்லை.

“அப்ப அது ரெண்டாம் வகை.”

ரோண்டாவின் கை கொடியிலேயே நின்றது.

“அப்பா, நீங்கதானே இங்க வந்து இருன்னு சொன்னீங்க?”

“வீட்ட வேற எடத்துல வச்சுக்கலாம்மா. குளத்த நான் எங்க கொண்டுபோய் வைக்க? அதுவரைக்கும் மேல என் வீட்டுல வந்து இரேன்.”

“உங்க மீனுக்குத் தொந்தரவா இருக்கப்போகுது.”

அவர் சிரிக்க முயன்றார். அவள் ஈரத்துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக் கூடையில் போட்டாள். உலர்ந்ததைப் போலவே, ஓரம் சேர்த்து மடித்தாள். டெனீஸ் தன் வண்டிக்குத் திரும்பிப் பூட்ஸைக் கழற்றினார். சட்டத்தில் அந்த வழி இருந்தது.

ஜூனில் டிரெய்லரை லாரி இழுத்துச் சென்றது. ரோண்டா நகரத்தில் டயர் கடைக்கு மேலே அறை எடுத்தாள். தந்தையின் தொலைபேசி அழைப்புகளை எடுக்கவில்லை.

ஆகஸ்டில் அணை இரண்டாம் வகைக்கு மாற்றப்பட்டது. இரண்டாம் வகை அணைகளைச் சரிசெய்யும்படி மாநிலம் உரிமையாளரைக் கேட்பதில்லை.